முப்பத்தொன்பது மணித்தியாலம்

கல்லடிப் பாலத்தின் மூன்றாம் தூணில்
ஒரு அளவுகோல் அறைந்திருந்தது.
மணிக்கொரு தரம் வேலாப்போடி
ரோச் அடித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்.
கிழமைக்கொருக்கா கொப்பி
சைக்கிள் கரியரில் என் மேசைக்கு வரும்.

என் உத்தியோகம் கடலைக் கழிப்பது.
முகத்துவாரத்தால் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கை நீக்கி
மழை தந்தது எவ்வளவு, ஆறு தந்தது எவ்வளவு
என்று ஒரேயொரு கோட்டைக்
கொழும்புக்கு அனுப்புவது.

அதற்கொரு தாள் இருந்தது.
யாரோ ஒரு வெள்ளைக்காரன்
கம்ப்யூட்டர் பிறக்கமுன்
தன் ஊர்க் கடலுக்குத் தைத்த சட்டை.
எங்கள் வாவிக்குத் தோள் கொஞ்சம் பெரிது.

முப்பத்தொன்பது எண்கள்.
ஒன்று, பூச்சியம், ஒன்று, பூச்சியம், பூச்சியம், ஒன்று...
முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும்
ஒன்றுதான்.
பெருக்கு. கூட்டு. முப்பதால் வகு.
ஒரு மணித்தியாலம் தள்ளி வை.
மறுபடி பெருக்கு.
கைபிடி சுற்றிச் சுற்றி
என் வலது தோள் இடதைவிடத் தடித்தது.
தையல்காரி கண்டுபிடித்தாள்.

நடு எண் பூச்சியம்.
நண்பகல் நீர்மட்டத்தைத் தேடும் கணக்கில்
நண்பகலுக்கு மதிப்பில்லை.
முந்திய பத்தொன்பது மணியும் பிந்திய பத்தொன்பது மணியும்
சேர்ந்து சொல்லவேண்டும்.
அதனால் இன்றைய நண்பகல்
நாளைக் காலை ஏழு மணிக்குத்தான் தெரியவரும்.
இதை வீட்டில் சொன்னேன்.
சம்பளம் தருகிறார்களா என்று கேட்டார்கள்.

எழுபத்தேழில் ஹெட்லி றேகல் வந்தான்,
கட்டுபெத்தையில் படித்த புது இஞ்சினியர்.
"மிஸ், நீங்க செய்யிறதுக்கு இப்ப பேர் இலக்க வடிகட்டி."
எனக்குத் தெரிந்த வடிகட்டி
தேத்தண்ணிக் கோப்பைக்கு மேல் இருப்பது.
"முப்பத்தொன்பது தேவையில்ல.
வந்த விடைய திரும்ப உள்ள விட்டா
நாலஞ்சு எண் போதும்."
விடையில் பிழை இருந்தால்?
"அதுவும் உள்ள போகும். சுத்திச் சுத்தி வரும்.
திருப்பிவிடற பங்கு ஒன்டுக்குக் குறைஞ்சா தேஞ்சுபோகும்.
கூடினா..."
இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
எனக்கு விளங்கிற்று.
ஒன்றுக்குக் கூடிய வாய்கள்
எங்கள் கந்தோரிலேயே மூன்று இருந்தன.

வேலாப்போடியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்.
ராவு இரண்டு, மூன்று, நாலு மணி எண்கள்
ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும்.
விடிய எழும்பி எழுதியவை.
நித்திரையின் எண்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
முப்பத்தொன்பதும் அவற்றை வாங்கி அரைத்து
வழுவழுவென்று வெளியே விட்டன.
கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

எழுபத்தெட்டு, நவம்பர் இருபத்துமூன்று.
புயல் போய்ப் பத்தாம் நாள் கொப்பி வந்தது.
தாள்கள் ஊறி அப்பளம்போல் நெளிந்திருந்தன.
மதியத்திலிருந்து பென்சில்.
மூன்று மணி, நாலு மணி, எழுத்துப் பெருத்துக்கொண்டே போகிறது.
ஏழு மணிக்கு ஒரு எண்.
அதற்கு முன் அந்தக் கோலில் யாரும் வாசிக்காத எண்.
பிறகு நாலு நாள் வெறும் கட்டங்கள்.
பிறகு ஒரு வரி:
அளவுகோலைக் காணவில்லை.

கைபிடியைச் சுற்றினேன்.
ஏழு மணியோடு எண் முடிந்தால்
விடை பத்தொன்பது மணித்தியாலம் முன்னமே முடியும்.
அன்று அதிகாலை பன்னிரண்டு.
காற்று இன்னும் எழும்பவில்லை.
வாவி வழமைபோல.
தாளின்படி மட்டக்களப்பில்
புயல் அடிக்கவேயில்லை.

"இடைவெளிய மதிப்பிட்டு நிரப்புங்க" என்றான் றேகல்,
கூரையில்லாத கந்தோரில்
குடை பிடித்துக்கொண்டு.
வேலாப்போடியும் ஆயத்தம்:
"நான் சொல்லட்டா புள்ள? வீட்டுப் படியெல்லாம் தாண்டி வந்தது."

நித்திரையின் எண்களை விட்ட கணக்கு அது.
கண் விழித்து எழுதியவை அதற்குள் போகவில்லை.

பென்சில் எண்கள் ஏழையும்
பெருக்காமல், கூட்டாமல், வகுக்காமல்
தனித்தாளில் பிரதிபண்ணிக்
கோட்டின் கடைசியில் குண்டூசியால் குத்தி அனுப்பினேன்.

தை மாதம் பதில் வந்தது:
இணைப்பு, படிவத்துக்கு அமைவாக இல்லை.
குண்டூசியையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.